லண்டனில் இருந்து திரும்பினால் முதல் நாள் விடியற்காலை வெயில் வேண்டாம்

மகள் லண்டனில் குடியேறியதில் இருந்து அநேகமாக வருடா வருடம் போய் வருகிறேன். பயணக் களைப்பு ஓர் இரவு படுத்து எழும்பினால் போய்விடும். நித்திரை குழம்புவதுதான் ஒரு கிழமைக்கு ஆளை ஆட்டிப் படைக்கும். ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்து வந்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. குளிசை, கழுத்துத் தலையணை, கண்மூடி எல்லாவற்றையும் விட, எந்த நேரத்தில் கண்ணில் வெளிச்சம் படுகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

இலங்கையில் மட்டக்களப்பில் இருக்கும் ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் சொல்கிற புத்தி, "விடியவே எழும்பிக் கல்லடிக் கடற்கரைக்குப் போங்க, காலை வெயில் பட்டா எல்லாம் சரியாகும்" என்பது. நல்ல மனதோடு சொல்கிறார்கள். ஆனால் லண்டனில் இருந்து வந்தவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் அது எதிராகவே வேலை செய்யும்.

மூளையின் அடிப்பக்கத்தில், ஹைப்போதலமஸ் என்ற பகுதியில், ஒரு சிறிய நரம்புக் கூட்டம் உடம்பின் கடிகாரமாக இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்தே அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நாம் வழக்கமாக எழும்புவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர், அதாவது விடியப்புறம் நாலு நாலரை போல, உடம்புச் சூடு ஆகக் குறைந்த நிலைக்கு இறங்கும். அதற்கு முன்னர் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பிந்தும். பட்டது அதற்குப் பிறகு என்றால் முந்தும். இலங்கை நேரம் லண்டனுக்கு முன்னால் ஓடுகிறது, ஆகவே இங்கே திரும்புகிற நமக்குத் தேவை முந்துவது.

இனிக் கணக்கைப் பாருங்கள். குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். கல்லடியில் காலை ஆறு மணிக்குச் சூரியன் கடலை விட்டு எழும்பும்போது, வந்திறங்கியவரின் உடம்புக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை. அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். லண்டனின் நாலரை என்றால் இங்கே காலை பத்து. ஆகவே முதல் நாள் பத்து மணிக்கு முன் வெயில் வேண்டாம், பத்துக்குப் பிறகு தாராளமாக வேண்டும்.

நான் செய்வது கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். லண்டனில் இரவு ஏறி இங்கே மதியத்துக்குக் கிட்ட இறங்கும் நேரடி விமானம்தான் எனக்குப் பிடித்தது. பதினொரு மணித்தியாலம் போல ஓடும். வளைகுடா நாடு ஒன்றில் நடுச்சாமத்தில் இறக்கி ஏற்றுகிற டிக்கெட் மலிவுதான், ஆனால் கிடைக்க வேண்டிய கொஞ்ச நித்திரையையும் அது இரண்டாக முறித்துவிடும். வெளியே வந்தால் மட்டக்களப்புக்கு இன்னும் ஏழெட்டு மணித்தியால வான் பயணம். எல்லோரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சரிந்து படுப்பார்கள். நான் முன் சீற்றில், பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு இருப்பேன். அந்தப் பின்னேர வெயில் உடம்புக்குக் காலை வெயில். நமக்கு வேண்டியது அதுதான். குருநாகலில் ஒரு தேத்தண்ணி, அதோடு சரி. தம்புள்ளையில் இறங்கி நடப்பேன். ஹபரணையில் இருட்டிவிடும், அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொள்ளலாம். சாரதி மட்டும் நன்றாக நித்திரை கொண்டு வந்தவராக இருக்க வேண்டும். அந்த வீதியில் இரவில் யானை குறுக்கே வரும். விமானத்தால் இறங்கியவர் தானே ஓட்டுவது சரியே இல்லை.

வீட்டில் படுக்கிற அறையின் யன்னலுக்குத் தடித்த போர்வையைக் கட்டிவிடுவேன். கூரைக்கும் சுவருக்கும் இடையால் வருகிற வெளிச்சத்தையும் மறைக்க வேண்டும், அது நேரே முகத்தில் விழும். பத்து மணிக்குக் கதவைத் திறந்து மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருப்பேன். நம் ஊர் பத்து மணி வெயிலில் நிற்கத் தேவையில்லை. பகலில் வெளி நிழலில் இருக்கிற வெளிச்சமே வீட்டுக்குள் இருப்பதைப் போல் பல மடங்கு. அடுத்த நாள் ஒன்பது, அதற்கடுத்த நாள் எட்டு என்று ஒவ்வொரு மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டு வருவேன். கிழக்கே வரும்போது கடிகாரம் நாளுக்கு ஒரு மணித்தியாலம் அளவில்தான் நகரும், அவசரப்படுத்த முடியாது.

ஏழு மணிக்கே பார்க்க வந்த மச்சாள், "என்ன மச்சாள், இன்னும் படுக்கையோ?" என்று கதவடியில் நின்று கேட்டார். "ரெண்டு நாள் பொறுங்க, மறுகா நானே வந்து உங்களை எழுப்புறன்" என்றேன். வருகிறவர்களைப் பின்னேரம் வரச் சொல்லிவிடுவது நல்லது. பேசிக்கொண்டிருந்தால் பின்னேரம் ஐந்து மணிக்குக் கண்ணைச் சுழற்றுகிற நித்திரையும் கிட்ட வராது.

மெலடோனின் உதவுகிறது, ஆனால் நேரம் பார்த்து எடுத்தால் மட்டும். இது நித்திரைக் குளிசை அல்ல. இருட்டும்போது உடம்பே சுரக்கும் ஒரு ஹோர்மோன். போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் எடுக்க வேண்டும், விமானத்தில் நினைத்த நேரத்தில் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அரை மில்லிகிராம் முதல் ஐந்து வரை ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருவதாகவும், ஐந்துக்கு மேல் போவதில் பயன் இல்லை என்றும் சொல்கிறது. வலிப்பு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. லண்டனில் வைத்தியரின் துண்டு இல்லாமல் கிடைக்காது. எனக்கு வைத்தியர் எழுதியது சிறிய அளவு, அதுவே போதுமாக இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்களை அழுத்தாமல் குழிவாக இருக்கிற கண்மூடி கொடுத்த காசுக்குப் பெறுமதி. கழுத்துத் தலையணைகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் நுவரெலியா உயரத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே இருப்பது போல, ஈரப்பதமோ மிகக் குறைவு. அதனால் தண்ணீர் குடிக்க வேண்டும், இடைக்கிடை எழும்பி நடக்க வேண்டும். தேத்தண்ணி, கோப்பியில் இருக்கிற கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் போல எடுக்கும். வந்திறங்கும் நாளின் அந்த ஒரு தேத்தண்ணியைத் தவிர, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு நான் தொடுவதில்லை.

போகும் பயணம் இலகு. மனித உடம்பின் சொந்த நாள் 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் நீளம், அதனால் மேற்கே போகும்போது பிந்திப் படுப்பதற்கு அது தானாகவே இசைந்துபோகும். யூனில் லண்டனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், பேரனோடு பூங்காவில் நடந்தாலே போதும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். அப்போது வீட்டு விளக்கெல்லாவற்றையும் போட்டு, ஒன்பதரை வரை கட்டில் பக்கம் போகாமல் இருப்பேன். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விளக்கும் வேண்டாம், போனும் வேண்டாம். இருட்டிலேயே படுத்திருக்க வேண்டும்.

செத்த வீட்டுக்கோ கலியாணத்துக்கோ வந்து இரண்டு மூன்று நாளில் திரும்பிப் போகிறவர்கள் இதையெல்லாம் செய்யத் தேவையில்லை. உடம்பை லண்டன் நேரத்திலேயே விட்டுவிட்டு, முக்கியமான காரியங்களைப் பின்னேரத்தில் வைத்துக்கொள்ளட்டும்.