கேள்விகளுக்காக வாங்கலாம், பெர்சன்டைலை நம்பி வாங்காதீர்கள்

என் மகள் வெளிநாட்டில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கிறாள். அதற்காக ஒரு இணையப் பயிற்சித் தேர்வுச் சேவைக்குச் சந்தா கட்டி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை நான்கு முழுத் தேர்வுகள் எழுதிவிட்டாள். எழுதியது அவள், அறிக்கைகளை வரிவரியாகப் படித்தது நான்.

கேள்விகளைக் குறை சொல்லவே முடியாது. சரியான விடையோடு நிறுத்தாமல், நாம் போட்ட தவறான விடை எங்கிருந்து வந்திருக்கும் என்றும் சொல்கிறார்கள். ஒரு நிகழ்தகவுக் கணக்கில், "முதல் பந்தைப் பைக்குள் திருப்பிப் போட்டதாக எண்ணியிருப்பீர்கள்" என்று இருந்தது. அவள் செய்த தவறு அச்சு அசல் அதுதான். இதற்கே பாதிச் சந்தாவைக் கொடுக்கலாம்.

பெர்சன்டைல் பக்கத்தில்தான் சிக்கல். முதல் அறிக்கையில் கணிதத்துக்கு 160, பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் 71. "நூற்றுக்கு 71 தானா?" என்று கேட்டேன். "அது மார்க் இல்லம்மா. நூறு பேர் எழுதினால் 71 பேர் எனக்குக் கீழே" என்றாள். சரி, பரவாயில்லையே என்று இருவரும் நிம்மதியானோம். கணிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று வாரம் வெர்பலையே, அதாவது ஆங்கில மொழிப் பகுதியையே, படித்தாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது: எந்த நூறு பேர்? தேர்வை நடத்தும் இடிஎஸ், அண்மைய மூன்று ஆண்டுகளில் எழுதியவர்களை வைத்துத் தன் அட்டவணையைப் போடுகிறது. அதில் கணிதம் 160 ஏறக்குறைய 50-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அதே 160 வெர்பலில் 80-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டுக்கும் உச்சம் 170 தான். ஆனால் வெர்பலில் 170 எடுத்தால் 99, கணிதத்தில் 170 எடுத்தாலும் 99 கிடைக்காது. அந்த முழு மதிப்பெண்ணை அத்தனை பேர் எடுக்கிறார்கள். மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் நமக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது.

சேவைக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: 71 என்பது அவர்களுடைய சந்தாதாரர்களுக்குள் கணக்கிட்டது. மறைக்காமல் சொன்னார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியைப் பச்சை வட்டத்துக்குக் கீழேயே போட்டிருந்தால் மூன்று வாரம் வீணாகியிருக்காது. இன்றுவரை போடவில்லை.

முன்னேற்றம் காட்டும் வரைபடமும் எனக்குப் பிடிக்கவில்லை. பெர்சன்டைலை அளவுகோல் மாதிரி சம இடைவெளியில் வரைகிறார்கள். நடுவில்தான் பெரும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது, ஓரத்தில் ஆள் குறைவு. மணி வடிவில் பரவிய, சராசரி 500, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பொதுவாக விலகி நிற்கும் அளவு) 100 உள்ள ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெர்சன்டைல் 50-இலிருந்து 60-க்குப் போக 25 மதிப்பெண் போதும். 90-இலிருந்து 99-க்குப் போக நூற்றுக்கும் மேல் வேண்டும். மகளின் இரண்டாவது தேர்வில் இரண்டு கேள்வி தவறியதற்கே கோடு படுத்துவிட்டது. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு பகுதிப் பெர்சன்டைலையும் கூட்டி இரண்டால் வகுத்து 'மொத்தப் பெர்சன்டைல்' என்று ஒன்று தருகிறார்கள். அதைப் பார்க்கவே வேண்டாம். இடிஎஸ் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத்தான் தருகிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், மூன்றும் கேள்விகளுக்கு. சந்தாவை நீட்டித்துவிட்டோம். இப்போது அறிக்கையை அச்செடுத்ததும் மகள் முதலில் பச்சை வட்டத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் இடிஎஸ் அட்டவணை எண்ணை எழுதிக்கொள்கிறாள். கடைசித் தேர்வில் கணிதம் 164.