பார்க்கின்சன் மரபணு சிகிச்சை: எந்த வழி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

பார்க்கின்சன் நோய்க்கு மரபணு சிகிச்சை என்று செய்தி வரும்போதெல்லாம் அது ஏதோ ஒரே ஒரு சிகிச்சை போலத்தான் எழுதுகிறார்கள். உண்மையில் ஒன்றோடொன்று போட்டி போடும் நான்கு யோசனைகள் அதற்குள் இருக்கின்றன. நான்கிலுமே, நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸின் கூட்டுக்குள் ஒரு மரபணுவை வைத்து மூளைக்கு அனுப்புகிறார்கள். எந்த மரபணு, எந்த இடத்துக்கு, எதற்காக என்பதில்தான் வேறுபாடு. இவற்றில் எதுவும் இதுவரை பார்க்கின்சனுக்காக அனுமதி பெறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படிக்கிறவர்களில் பலர் வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர்களாக இருப்பீர்கள்.

நான்கையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. சிகிச்சை வேலை செய்ய எந்தச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும்? மருந்து மூளைக்குள் எவ்வளவு தூரம் பரவியது? பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கிச் சறுக்கிய சோதனைகளைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் சறுக்கியிருக்கின்றன.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கரிய பகுதி இருக்கிறது. அங்கிருக்கும் நரம்பணுக்கள் நீண்ட இழைகளை முன்னே அனுப்பி, புட்டாமென் என்ற பகுதியில் டோபமைனைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் தங்குதடையின்றி நடக்க அந்த டோபமைன் வேண்டும். பார்க்கின்சனில் இந்த நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். டோபமைனை அப்படியே கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதன் முன்னோடியான லெவோடோபா போகும். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அதை வாய்வழியாக, படிப்படியாக டோஸை உயர்த்திக் கொடுத்துப் பலன் காட்டினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் நம் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அது எந்த நோய்க்கு உதவும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் திரும்பத் திரும்பத் தேவைப்படும். இறந்த நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து ஜெஃப்ரி கோர்டோவர் குழு 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நோய் கண்டறிந்து நான்கைந்து ஆண்டுகளுக்குள், புட்டாமெனின் மேற்பகுதியில் டோபமைன் இழைகள் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகின்றன என்றது அது. நைக்ராவில் செல்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் அவற்றின் இழைகள் முன்னதாகவே போய்விடுகின்றன.

முதல் வழி, ஏ.ஏ.டி.சி. மரபணு. லெவோடோபாவை டோபமைனாக மாற்றும் நொதியின் பெயர் அது. இழைகள் அழிய அழிய இந்த நொதியும் குறைகிறது. லெவோடோபா அடங்கிய சின்டோபா மாத்திரை போட்ட பிறகும் பலன் வருவதற்குத் தாமதமாவது, வந்த பலன் சீக்கிரம் தீர்ந்துபோவது போன்றவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். புட்டாமெனிலேயே இருக்கும் மற்ற நரம்பணுக்கள் இந்த நோயில் பெரிதாக அழிவதில்லை. நொதியைச் செய்யும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டால், மாத்திரையை அவையே டோபமைனாக மாற்றிக்கொள்ளும். நைக்ரா உயிரோடு இருக்கிறதா என்ற கவலையே இல்லை. இந்த யோசனையின் நேர்மை எனக்குப் பிடிக்கும்: நோயைக் குணப்படுத்துவேன் என்று அது சொல்லவில்லை, மாத்திரையை ஒழுங்காக வேலை செய்ய வைப்பேன் என்று மட்டும் சொல்கிறது. கட்டுப்பாடும் நோயாளியின் கையில் இருக்கிறது. அசைவு மிகையாகிவிட்டால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 15 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2019இல் வந்தன. மருந்தோடு காடோலினியச் சாயத்தைக் கலந்து, நோயாளி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இருக்கும்போதே மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தினார்கள். மருந்து புட்டாமெனுக்குள் வெள்ளையாகப் பரவுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே அறுவை செய்ய முடிந்தது. டோஸுக்கு ஏற்ப ஐந்தைந்து பேராகப் பிரித்த மூன்று குழுக்களில், புட்டாமெனில் மருந்து எட்டிய அளவு 21, 34, 42 சதவீதம். ஆறு மாதத்தில் மாத்திரைத் தேவை குறைந்த அளவு 15, 33, 42 சதவீதம். பரப்பு கூடக் கூடப் பலனும் கூடியது. என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஆனால் அடுத்த கட்ட சோதனை நின்றுபோனது. சிலருடைய எம்.ஆர்.ஐ. படங்களில் எதிர்பாராத மாற்றங்கள் தெரிந்ததால், 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அதை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டே முதலீடு செய்த நிறுவனம் விலகிக்கொண்டது. வருத்தமான விஷயம்தான். இருந்தாலும் இந்த மரபணு தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பிறவியிலேயே ஏ.ஏ.டி.சி. நொதி இல்லாத குழந்தைகளுக்கு, இதே மரபணுவை இதே புட்டாமெனில் செலுத்தும் சிகிச்சை 2022இல் ஐரோப்பாவிலும் 2024இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தலை நிற்காத குழந்தைகள் உட்காரவும், சிலர் நடக்கவும் கற்றுக்கொண்டார்கள். தைவான் மருத்துவர்களின் பல ஆண்டு உழைப்பு அது.

இதே குடும்பத்தில் புரோசேவின் என்று ஒன்று உண்டு. ஒரு மரபணுவுக்குப் பதில் மூன்றைச் சேர்த்து, மாத்திரையை நம்பாமல் டோபமைனை முழுவதுமாக அங்கேயே தயாரிக்கும் திட்டம். மூன்று மரபணுவையும் சுமக்க இடம் வேண்டும் என்பதால் வேறு வகை வைரஸ். பாரிஸிலும் கேம்பிரிட்ஜிலும் 15 பேருக்குச் செய்த முடிவுகள் 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. பாதுகாப்பானதாகத் தெரிந்தது; ஆனால் ஒப்பிட ஒரு போலிச் சிகிச்சைக் குழு இல்லாததால், தெரிந்த முன்னேற்றம் உண்மையில் எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. அப்புறம் அது பெரிதாக நகரவில்லை.

இரண்டாவது வழி டோபமைனைத் தொடுவதே இல்லை. டோபமைன் குறைந்தால் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற பகுதி அளவுக்கு மீறித் துடிக்க ஆரம்பிக்கிறது. வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அமைதிப்படுத்தும் காபாவாக மாற்றும் ஜி.ஏ.டி. நொதியின் மரபணுவை அங்கே செலுத்தி அதை அடக்குவதுதான் திட்டம். பார்க்கின்சனுக்கான முதல் மரபணு அறுவையே இதுதான்: 2003இல் நியூயார்க்கில் மைக்கேல் கேப்லிட் செய்தார். இலக்கு சிறியது என்பதால் மருந்து பரவுவது பெரிய சிக்கல் இல்லை. நைக்ராவின் செல்களும் தேவையில்லை. என் இரண்டு கேள்விகளிலும் தேர்ச்சி. யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் மதிப்பிடுகிறவருக்கும் தெரியாமல் நடத்தும் இரட்டை மறைவுச் சோதனையிலும் (2011இல் வெளியானது) இது தோற்கவில்லை: அசைவுக் குறைபாட்டுப் புள்ளிகள் ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 8.1, போலி அறுவை பெற்றவர்களுக்கு 4.7 குறைந்தன.

சரி, அப்படியானால் ஏன் இது இன்னும் வரவில்லை? அதே வேர்க்கடலைப் பருப்பில் மின்முனையைப் பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் ஏற்கெனவே இருக்கிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த அந்தச் சிகிச்சையை இன்று சென்னையிலும் செய்கிறார்கள். பேட்டரி மாற்ற வேண்டும், கம்பியில் கிருமித்தொற்று வரலாம். ஆனாலும் மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம். செலுத்திய மரபணுவை அணைக்க முடியாது. 3.4 புள்ளி வித்தியாசத்துக்காக அந்த வசதியை விட்டுக்கொடுக்க ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அந்தச் சோதனையை நடத்திய நிறுவனம் 2012இல் திவாலானது. இப்போது வேறொரு நிறுவனம் எடுத்து நடத்துகிறது. 2024இல் 14 பேரிடம் செய்த சிறு சோதனையில் நல்ல முடிவு என்று அறிவித்தது. 14 பேர் என்பதை மறக்காமல் அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் என்னை அதிகம் ஈர்ப்பதும், அதிகம் வருத்துவதும். மேலே சொன்ன இரண்டும் போனது போகட்டும், இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்பவை. இது சாகிற நரம்பணுக்களைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஜி.டி.என்.எஃப். என்ற புரதம் டோபமைன் நரம்பணுக்களை வாழவைக்கிறது என்று 1993இல் தெரியவந்தது. எலிகளிலும் குரங்குகளிலும் கிடைத்த பலன் அபாரமானது. அதன் உறவுக்காரப் புரதமான நியூர்ட்டூரினின் மரபணுவை 58 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2010இல் வந்தது. 12 மாதத்தில் போலி அறுவைக் குழுவுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

ஏன் என்பதற்கான பதில், பின்னர் இறந்த நோயாளிகளின் மூளையில் கிடைத்தது. புட்டாமெனில் புரதம் உருவாகியிருந்தது. அங்கிருந்து இழைகள் வழியாகப் பின்னோக்கிப் பயணித்து நைக்ராவை அடைய வேண்டியது, பெரும்பாலும் அடையவே இல்லை. பயணிக்க வேண்டிய இழைகள்தான் அழிந்துவிட்டனவே! சோதனைக் குரங்குகளுக்கு விஷம் கொடுத்து நோயை உண்டாக்கியது சில மாதங்களுக்கு முன்புதான். மிஞ்சிய இழைகள் ஆரோக்கியமாக இருந்தன. மனிதர்களோ பத்தாண்டு நோயோடு வந்தவர்கள். பிறகு நைக்ராவிலும் நேரடியாகச் செலுத்தி இன்னொரு சோதனை செய்தார்கள்; அதுவும் பலிக்கவில்லை. 2020இல் இன்னும் இரண்டு மூளைகளைப் பற்றிய கட்டுரை வந்தது. அறுவை முடிந்து எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து இறந்தவர்கள். மரபணு அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது, அது எட்டிய இடங்களில் டோபமைன் இழைகள் கூடுதலாக இருந்தன. ஆனால் எட்டியது புட்டாமெனில் 3 முதல் 12 சதவீதம்தான்! ஏ.ஏ.டி.சி. சோதனையின் 42 சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு இப்போது ஜி.டி.என்.எஃப். மரபணு திரும்ப வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. பார்த்தபடி, ஒரு புட்டாமெனுக்கு 1.8 மில்லி வரை செலுத்துகிறார்கள். 11 பேரிடம் முதற்கட்டம் முடிந்து, 87 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட போலி அறுவைச் சோதனை 2024இல் தொடங்கியது. பரவல் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். உயிரோடிருக்கும் செல்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஏனென்றால் இந்தச் சோதனை மிதமான நிலையை எட்டிய நோயாளிகளிடம் நடக்கிறது. நோய் கண்டறிந்த முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் செய்தால்தான் காப்பாற்ற இழைகள் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தக் காலத்தில்தான் மாத்திரை பிரமாதமாக வேலை செய்யும். காலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போய்வருகிறவரிடம், மண்டையோட்டைத் துளைக்கிறோம் என்று எந்த மருத்துவர் எந்த நியாயத்தில் கேட்பார்? இது விஞ்ஞானம் மட்டும் தீர்க்கக்கூடிய முடிச்சு இல்லை. இன்னொரு கவலையும் உண்டு: ஆல்ஃபா சினுக்ளின் புரதத்தை மிகையாக உருவாக்கிய எலிகளில் ஜி.டி.என்.எஃப். பலன் தரவில்லை, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே அந்தச் செல்களில் குறைந்துவிட்டது என்று 2012இல் ஸ்வீடனின் லுண்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்களின் நோயிலும் சேர்ந்து திரள்வது அதே புரதம்தான்.

நான்காவது வழி வேரைத் தேடிப் போகிறது. ஜி.பி.ஏ.1 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்குச் செல்லின் குப்பை அகற்றும் பகுதியில் ஒரு நொதி குறைகிறது. ஆல்ஃபா சினுக்ளின் தேங்க அது வழிவிடுகிறது. நல்ல ஜி.பி.ஏ.1 மரபணுவைப் பிடரிக்குக் கீழே மூளைத்தண்டுவட நீரில் செலுத்தும் சோதனை நடந்துவருகிறது. மண்டையோட்டைத் துளைக்க வேண்டாம். மூளை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இதை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மலச்சிக்கல், தூக்கக் கோளாறு, மறதி என்று இந்த நோய் செய்யும் மற்ற தொல்லைகளில் எதையும் புட்டாமெனில் செலுத்தும் மருந்து தொடாது. இது தொடக்கூடும். ஆனால் இந்த மாற்றம் உள்ளவர்கள் நோயாளிகளில் சிறு பகுதிதான். பார்க்கின்சனோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான எல்.ஆர்.ஆர்.கே.2இல் மாற்றம் உள்ளவர்களுக்கு இதே வழி உதவாது: அந்த மரபணு இந்தச் சிறிய வைரஸ் கூட்டுக்குள் அடங்காத நீளம், தவிர அங்கே பிரச்சினை நொதி மிகையாக வேலை செய்வது; கூட்டினால் கெடுதல்தான்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பத்தாண்டு நோயோடு மாத்திரையின் ஏற்ற இறக்கத்தில் அவதிப்படுகிறவருக்கு ஏ.ஏ.டி.சி. யோசனைதான் பொருத்தம், அது கைக்கு வரும்வரை ஆழ்மூளைத் தூண்டல். டோபமைன் செல்களையே நட்டு வளர்க்கும் சிகிச்சை இதற்கு நேர்ப்போட்டி. கியோட்டோ பல்கலைக்கழகக் குழுவும் ஓர் அமெரிக்கக் குழுவும் 2025இல் முதல் முடிவுகளை வெளியிட்டிருக்கின்றன. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவருக்கு ஜி.டி.என்.எஃப்.மீது நம்பிக்கை வைப்பேன், ஆனால் இப்போதைய சோதனை முடியும்வரை காத்திருந்துதான். ஜி.ஏ.டி. வழி, மின்முனை பொருத்த முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்குப் பயன்படலாம். அதற்கு மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

ஜி.டி.என்.எஃப். முடிவு வெளிவரும் நாளில் தலைப்பில் 'நடை மேம்பட்டது' என்று போடுவார்கள். போலி அறுவை பெற்றவர்களுக்கு எவ்வளவு மேம்பட்டது என்ற எண்ணைத் தேடுங்கள். அவர்களுக்கும் மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் உள்ளே எட்டாத குழி மட்டும் போட்டு அனுப்பியிருப்பார்கள். பார்க்கின்சனில் நம்பிக்கையே மூளையில் டோபமைனைச் சுரக்க வைக்கும் என்பது பெட் ஸ்கேனில் நிரூபணமானது. அந்தக் குழுவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மரபணு செய்த வேலை.