விஎச்எஸ் கேசட்டை டிவிடியாக்க "முழு செட்" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய விஎச்எஸ் கேசட்டுகளை வீட்டிலேயே டிவிடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, டெக் (கேசட்டை ஓட்டும் கருவி), கேப்சர் கருவி (ஓடுவதைக் கணினிக்குள் வாங்குவது), சாஃப்ட்வேர், வயர் எல்லாவற்றையும் சேர்த்து "முழு செட்" என்று விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் 16,500 ரூபாய் கொடுத்து அப்படி ஒன்றை வாங்கினேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. என் அக்காவின் பரதநாட்டிய அரங்கேற்றக் கேசட்டில் சில நிமிடங்கள், இனி யாராலும் மீட்க முடியாதபடி கெட்டுவிட்டன. அது தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அரங்கேற்றம் நடந்தது 1992இல், கும்பகோணத்தில். இரண்டு கேசட். நட்டுவாங்கம் செய்த குரு இப்போது இல்லை. அவருடைய குரலும் தாளமும் எங்களிடம் இருப்பது அந்தக் கேசட்டுகளில் மட்டும்தான். இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். "கவலையே வேணாம் சார். டெக் ஃபுல் சர்வீஸ் பண்ணது. கேப்சர் எச்டி குவாலிட்டி. டிபிசி உள்ளேயே இருக்கு" என்றார். (டிபிசி என்பது கேசட்டிலிருந்து வரும் படத்தைச் சீராக்கும் பகுதி.) வாட்ஸாப்பிலும் அதையே எழுதி அனுப்பினார். தன்னிடமிருந்த ஒரு சினிமா கேசட்டைப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முதல் கேசட்டைப் பதிவு செய்தோம். அலாரிப்பு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வர்ணம் முடியும் இடத்துக்கு வரும்போது அக்காவின் கால் தரையில் விழுகிறது, அப்புறம்தான் தாளச் சத்தம் வருகிறது. கல்யாண வீடியோவாக இருந்தால் இதைக் கவனிக்காமல் விட்டிருப்போமோ என்னவோ. பரதநாட்டியத்தில் தாளச் சொல்லான ஜதிக்கும் ஆட்ட அசைவான அடவுக்கும் நடுவே அரை நொடி விழுந்தால் பார்க்கவே முடியாது. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னொரு கோளாறும் இருந்தது. எல்லோரும் அகலமாக, குள்ளமாகத் தெரிந்தார்கள். கை வீசும் இடமெல்லாம் படம் தட்டித் தட்டி ஓடியது. மேடைத் தூண்கள் நெளிந்தன.

கடைக்குப் போன் செய்தேன். "உங்க கேசட் பழசு சார், அதான்." திரும்பத் திரும்ப இந்த ஒரே பதில்தான். பழைய கேசட் வைத்திருப்பவர்களிடம் இது எளிதாக எடுபடும் பதில், ஏனென்றால் கேசட் பழசுதானே. அதனால் ஒரு சோதனை செய்து பார்த்தோம். அதே டெக்கை கேப்சர் கருவி இல்லாமல், மஞ்சள் - வெள்ளை வயர் வழியாக நேராக வீட்டு டிவியில் மாட்டி, அதே கேசட்டை ஓட்டினோம். ஆட்டமும் தாளமும் கடைசிவரை இம்மி பிசகாமல் ஒன்றாகப் போயின. ஆக, கேசட்டில் குறையில்லை. பதிவாகும் வழியில்தான் கெடுகிறது. உங்களுக்கும் இந்தப் பதில் வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

தஞ்சாவூரில் வெகுகாலமாக டிவி, டெக் சர்வீஸ் செய்யும் ஓர் அண்ணனிடம் முழு செட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன பிறகுதான் எதை என்ன பெயரில் விற்றிருக்கிறார்கள் என்று புரிந்தது.

"எச்டி கேப்சர்" என்று கொடுத்தது இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று, ஏவி வயரில் வருவதை எச்டிஎம்ஐ ஆக மாற்றுவது. மற்றொன்று, அந்த எச்டிஎம்ஐயைக் கணினிக்குள் வாங்கும் யுஎஸ்பி குச்சி. முதல் பெட்டி நம் கேசட்டின் 4:3 படத்தை 16:9 ஆக இழுத்துவிடுகிறது. குள்ளமாகத் தெரிந்தது அதனால்தான். இந்தியக் கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை, நொடிக்கு 25 ஃபிரேம். அதை இந்தப் பெட்டி நொடிக்கு 60 என்ற கணக்குக்கு மாற்றித் தள்ளுகிறது. 25 எப்படி 60இல் சமமாக அடங்கும்? படம் தட்டுவது அங்கேதான். 1080 என்று அட்டையில் அச்சிட்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை. விஎச்எஸ்ஸில் பதிந்திருக்கும் நுணுக்கமே கிடைமட்டமாகச் சுமார் 240 கோடுகள்தான். பால் கேசட்டுக்கு 720-க்கு 576 என்ற அளவில், 25 ஃபிரேமில் அப்படியே பதியும் கருவி போதும். அதுதான் வேண்டும்.

டிபிசி அதில் இல்லவே இல்லை. அது எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. டேப் இழுபடும், மோட்டார் வேகம் கொஞ்சம் கூடும் குறையும். அதனால் படத்தை உருவாக்கும் ஒவ்வொரு கோடும் சற்று முன்னே பின்னே வந்து சேரும். பழைய டிவி பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுக்காது. வரும் கோடுகளை நினைவில் வாங்கி, சரியான நேரத்துக்கு ஒன்றொன்றாக வெளியே விடுவதுதான் டிபிசி வேலை. அது இல்லையென்றால் தூண் நெளியும். கணினிக்குச் சமிக்ஞை பிடிபடாத இடங்களில் ஃபிரேம் விட்டுப்போகும். ஒலியோ விடாமல் பதிந்துகொண்டே போகும். மூன்று மணி நேரக் கேசட்டில் விட்டுப்போனது சேர்ந்து சேர்ந்து, படம் முன்னால் ஓட ஒலி பின்தங்கிவிடும்.

டெக் கதை இன்னும் மோசம். "ஃபுல் சர்வீஸ்" என்றதில் மேல் மூடியைத் துடைத்தது மட்டும் உண்மை. உள்ளே டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் ரோலர் காய்ந்து, கண்ணாடிபோல் பளபளவென்று இருந்தது. அப்படிப்பட்ட ரோலர் டேப்பை நேராக இழுக்காது, ஓரத்துக்குத் தள்ளிக் கசக்கும். விஎச்எஸ்ஸில் சாதாரண ஒலித்தடம் இருப்பது டேப்பின் ஓரத்தில்தான். இரண்டாவது கேசட்டில் தில்லானா தொடங்கும் இடத்தில் டேப் கசங்கி, படம் இருக்கிறது, குருவின் குரல் இல்லை. இதற்குக் கடைக்காரர் சொன்ன பதிலும் "கேசட் பழசு" என்பதுதான். செட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்.

புது டெக் இனிக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே எல்லோரும் பழையதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அதை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. வாங்குவதானால் மூடியைக் கழற்றி ரோலரைக் காட்டச் சொல்லுங்கள். போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அரை மணி நேரமாவது ஓடவிட்டு, வெளியே எடுத்து டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். கடைக்காரர் போடும் கேசட்டை நம்பவே வேண்டாம். கேசட்டின் சன்னல் வழியாக டேப் சுருளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை எந்த டெக்கிலும் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

எங்கள் வேலையை முடித்துக் கொடுத்தவர் அந்தத் தஞ்சாவூர் அண்ணன்தான். ரோலர் மாற்றிய தன் டெக்கிலிருந்து, பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 என்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாக விட்டு, அப்புறம் கணினிக்குக் கொண்டுபோனார். அந்த ரெக்கார்டர் டிவிடி எழுத அல்ல. அதன் வழியாகப் போனாலே கோடுகள் சீராகிவிடுகின்றன. இந்த வேலை செய்பவர்கள் பலர் அதற்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள். பதிவுக்கு இலவசமான விர்ச்சுவல்டப் மென்பொருள். எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது என்று அது எண்ணிக் காட்டும். முதலில் தரம் குறையாமல் சுருக்கும் (லாஸ்லெஸ்) முறையில் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தார், மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆனது. அதிலிருந்து டிவிடி போட்டோம். ஒரு டிவிடி 4.7 ஜிபிதான். நல்ல தரத்தில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. ஆறு மணி நேரத்தை ஒரே தட்டில் அடக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இப்போது வர்ணத்தில் தாளம் காலோடு விழுகிறது. தில்லானாவின் அந்த இடம் மட்டும் ஊமையாகத்தான் ஓடுகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும், யுபிஐயில் பணம் அனுப்பிய விவரமும் "டிபிசி உள்ளேயே இருக்கு" என்று அவர் எழுதிய வாட்ஸாப் செய்தியும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி செட் வாங்கி ஏமாந்தவர்கள் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.