தெர்மல் பேடுக்கு அடியில் ஓர் எண்: நான்கு எஸ்.எஸ்.டி.களுடன் மூன்றரை ஆண்டுகள்

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: “அண்ணே, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற நாலு எஸ்.எஸ்.டி. கார்டு மாதிரி நானும் ஒன்று வாங்கிப் போடலாமா?” வேறொரு நாளாக இருந்திருந்தால் அரை மணி நேரம் அதன் பெருமையைப் பேசியிருப்பேன். அவர் கேட்டதோ, அந்தக் கார்டைப் பிரித்து, செத்த டிரைவை மாற்றி, மறுபடி பூட்டி முடித்த வாரம். “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் வெட்டிவிட்டேன். அது அவருக்கும் நியாயமில்லை, கார்டுக்கும் நியாயமில்லை. அதனால்தான் முழுவதையும் எழுத உட்கார்ந்தேன்.

என் இயந்திரத்தில் இருப்பது 24 கோர் த்ரெட்ரிப்பர் பிராசஸர், மூன்றாம் தலைமுறை. 2022 ஜனவரியில் அதன் இரண்டாவது பதினாறு லேன் ஸ்லாட்டில் கார்டைச் செருகினேன் (லேன் என்பது தகவல் போய்வரும் பாதை). கார்டில் நான்கு எம்.2 டிரைவ்கள், அதாவது சுழலும் வட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.கள், ஒவ்வொன்றும் 2 டிபி. கார்டுக்கென்று சொந்த மூளை எதுவும் கிடையாது. ஸ்லாட்டின் பதினாறு லேன்களை நான்கு நான்காகப் பிரித்து டிரைவ்களுக்குக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அப்படிப் பிரிக்கும்படி பயாஸிலும், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பிலும், சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான்கில் ஒன்று மட்டுமே கண்ணில் படும். முதல் நாள் எனக்கும் ஒன்றுதான் தெரிந்தது. மூன்று டிரைவ் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். பல டிரைவ்களைச் சேர்த்து ஒன்றாக நடத்துவதற்குப் பெயர் ரெய்டு. அந்த வேலையை லினக்ஸோடு வரும் எம்.டி. ரெய்டு என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ரெய்டு 10 வைத்தேன், அதில் எல்லாமே இரண்டு டிரைவ்களில் இரண்டு பிரதியாக இருக்கும். 8 டிபி வாங்கி 4 டிபி பயன்படுத்துகிறேன். என்னைச் சுற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் பிரதியே இல்லாத ரெய்டு 0 வைத்து முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கில் எது போனாலும் நான்கும் போன மாதிரிதான் என்பது தெரிந்தே செய்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, வேண்டவும் வேண்டாம். முகூர்த்த வேலையில் ஒரு காட்சியை மறுபடி எடுத்துத் தரச் சொல்லி யாரிடமும் போக முடியாது.

வேகத்தைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அது. கார்டைப் போட்ட அன்று சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். படிக்கும் வேகம் வினாடிக்கு 20 ஜிபியை நெருங்கியது. அந்த எண்ணைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஆனால் என் வேலைக்குத் தேவை எவ்வளவு? நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் 4கே-வில் வினாடிக்கு 400 மெகாபிட். பைட்டாகக் கணக்கிட்டால் ஒரு கேமராவுக்கு 50 எம்பி, நான்குக்கும் சேர்த்து 200 எம்பி. பழைய சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றே வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் தரும். என் பழைய ஹார்ட் டிஸ்க்கூட, ஒரே ஒரு கோப்பை வரிசையாகப் படிக்கச் சொன்னால் 200 எம்பி கொடுத்தது.

பிறகு ஏன் ஹார்ட் டிஸ்க்கில் நான்கு கேமரா டைம்லைன் திணறியது? வட்டைப் படிக்கும் அதன் முள் ஒரே சமயத்தில் நான்கு இடங்களுக்கு ஓட வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டு ஒருமுறை சுற்றிவர 8.3 மில்லி வினாடி ஆகிறது. முள் நகரும் நேரத்தை விட்டுவிட்டாலும், தேவையான இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் இந்தக் காத்திருப்பு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மேளம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் கை ஒரு கேமராவில், பெண்ணின் முகம் ஒரு கேமராவில், அப்பாவின் கண் ஒரு கேமராவில். இப்படி நான்கு கேமராக்களின் காட்சிகளையும் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, விரல் போகும் வேகத்துக்குப் படம் கூடவே வருகிறது. பழைய டிஸ்க்கில் விரல் நின்ற பிறகுதான் படம் வரும். எடிட்டிங்கில் அந்த இடைவெளி மிகப் பெரிய விஷயம். காத்திருக்கும் நேரத்தில் எதைத் தேடினோம் என்பது மறந்துபோகும். காத்திருக்கத் தேவையில்லாமல் போன பிறகு நான் தேர்ந்தெடுக்கும் காட்சிகளே மாறியிருக்கின்றன. அடுத்த கேமராவையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற பொறுமை வந்திருக்கிறது.

இந்தச் சுகத்தை ஒற்றை எஸ்.எஸ்.டி.யும் கொடுத்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேமராவிலிருந்து காட்சிகளை இறக்கும்போது ரெய்டால் துளிப் பயனும் இல்லை. என் எஸ்.டி. கார்டு ரீடர் வினாடிக்கு 250 எம்பிக்கு மேல் தந்ததில்லை. இந்தப் பக்கம் எவ்வளவு அகலமான வாசலைத் திறந்துவைத்தாலும் அந்தப் பக்கம் சந்துதான்.

கார்டின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் தகடு), ஓரத்தில் ஒரு சின்ன விசிறி. இந்த ஹீட்சிங்க்கைப் பாராட்டியே தீர வேண்டும். மதுரையில் சித்திரை மாத மதியம், ஏசி இல்லாத அறை, முடித்த வீடியோவைக் கோப்பாக்க இரண்டு மணி நேரம் ஓடும் ரெண்டர். அப்போதும் டிரைவ்களின் வெப்பம் 62 டிகிரியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இந்த வகை டிரைவ்களை வெறுமனே விட்டால் எழுபது எண்பதைத் தொட்டுத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதே ஹீட்சிங்க் மீதுதான் எனக்குத் தீராத கோபமும்.

சென்ற ஆவணியில், ஆடி முடிந்து வேலைகள் மறுபடி வரிசைகட்டிய நேரம். வைகாசியில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோவைப் பார்ப்பதற்காக மணமகளின் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திரை உறைந்தது. அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. “கரண்டா சார்?” என்று கேட்டார். “இல்லை, பாருங்கள்” என்றேன். போனில் மின்னஞ்சல் வந்து விழுந்தது: ரெய்டு அணியிலிருந்து ஒரு டிரைவ் விலக்கப்பட்டிருக்கிறது. அவர் கிளம்பிப் போன பிறகு ரெய்டின் நிலவரக் கோப்பைத் திறந்தேன். நன்றாக இருக்கும் டிரைவுக்கு ஒன்றாக நான்கு ‘யூ’ எழுத்துகள் வரிசையாக நிற்க வேண்டும். மூன்றாவது இடத்தில் எழுத்து இல்லை, ஒரு கீழ்க்கோடு மட்டும் இருந்தது. அவர் ஊஞ்சல் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு டிரைவ் செத்துவிட்டது, ஒரு ஃபிரேம்கூடத் தொலையவில்லை. 4 டிபிக்காக 8 டிபி வாங்கினாயே என்று வீட்டில் கேட்டதற்கெல்லாம் அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை செத்த டிரைவைக் கழற்ற வேண்டும். நான்கில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்யூட்டர் டிரைவ்களுக்குக் கொடுக்கும் எண் மறுபடி இயக்கும்போது மாறக்கூடியது. அதை நம்பிக் கழற்ற முடியாது. கார்டில் டிரைவுக்கு ஒன்றாக விளக்கு இல்லை. மிச்சமிருப்பது வரிசை எண் மட்டும்தான். உயிரோடிருக்கும் மூன்று டிரைவ்களின் வரிசை எண்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாளில் இல்லாத எண் எந்த டிரைவில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் போனது. சரி, எண் எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது? டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில். ஸ்டிக்கரின் மேல் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேட், பேடுக்கு மேல் ஹீட்சிங்க், அதற்கு மேல் எட்டுத் திருகாணிகள். கார்டை வெளியே எடுப்பதற்கு முதலில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்ற வேண்டும்.

எட்டையும் கழற்றினேன். ஹீட்சிங்க் அசையவில்லை. மூன்றரை ஆண்டுச் சூட்டில் பேடு இளகிப் பசையாக ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நெம்பினேன். என் பயம் செத்த டிரைவைப் பற்றியதல்ல. ரெய்டு 10-ல் மூன்றாவதும் நான்காவதும் ஜோடி. மூன்றாவது போன பிறகு நான்காவதில் இருப்பதுதான் ஒரே பிரதி. அந்த நான்காவதும் இதே பேடில், இதே அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெம்பும்போது அது வளைந்தால், சிப்புக்கு அடியில் ஒரு பற்றவைப்பு விட்டுப்போனால், செத்த டிரைவைத் தேடப் போய் உயிரோடிருப்பதைக் கொன்றவன் ஆவேன். கேமராக் காட்சிகளின் மூலப் பிரதிகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் தனியாக இருக்கின்றன என்பது மூளைக்குத் தெரியும். விரலுக்கு அது தெரியவில்லை.

ஹீட்சிங்க் வந்தது. கூடவே ஒரு டிரைவின் ஸ்டிக்கரும் பாதி கிழிந்து பேடோடு வந்தது. மற்ற மூன்றின் எண்களைப் படித்துத் தாளோடு ஒப்பிட்டேன். மூன்றும் தாளில் இருந்தன. கிழிந்ததுதான் செத்தது.

அந்தக் கிழிசல் எனக்கு இருபத்தாறு நாள் செலவு வைத்தது. டிரைவுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு. சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் அதை விளக்குக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எண் முழுசாக இல்லை சார், ஸ்டிக்கர் சேதமானால் எடுக்க மாட்டார்கள்” என்றான். அவன்மேல் குற்றமில்லை, விதி அப்படி. வீட்டுக்கு வந்து பரணில் ஏறி, 2022-ல் வாங்கியபோது கிடைத்த நான்கு பெட்டிகளையும் தேடி எடுத்தேன். பெட்டியிலும் அதே வரிசை எண் அச்சாகியிருந்தது. பில்லோடு பெட்டியையும் கொண்டுபோன பிறகு வாங்கிக்கொண்டார்கள், மாற்று டிரைவும் வந்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்தப் பணம் போயே போயிருக்கும்.

அதுவரை காத்திருக்க முடியாதே. அன்று மாலையே கடையில் ஒரு 2 டிபி டிரைவ் வாங்கி மூன்றாவது இடத்தில் பொருத்தினேன். இங்கே ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும், யாருக்காவது உதவும். மறுகட்டமைப்பு, அதாவது ஜோடி டிரைவில் இருப்பதைப் புதியதில் பிரதி எடுக்கும் வேலை, தொடங்கியதும் இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும் என்று காட்டியது. இவ்வளவு வேகமான டிரைவ்களுக்கு ஏன் இவ்வளவு நேரம்? எம்.டி. ரெய்டில் மறுகட்டமைப்பு வேகத்துக்கு இயல்பாகவே ஓர் உச்சவரம்பு இருக்கிறது, வினாடிக்கு சுமார் 200 எம்பி. மற்ற வேலைகள் தடைப்படக் கூடாது என்று வைத்த வரம்பு அது. ஒரு வரிக் கட்டளையால் அதை உயர்த்தியதும், முக்கால் மணி நேரத்துக்குள் நான்கு ‘யூ’ எழுத்துகளும் திரும்பிவிட்டன. ஒற்றைப் பிரதியோடு நிற்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வாங்கிய முதல் நாளே இதைப் படித்து வைத்திருக்க வேண்டியவன் நான்.

1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு என்ற பெயரோடு கட்டுரை எழுதியபோது, அந்தப் பெயரில் இருந்த சொல் ‘மலிவான’ வட்டுகள் என்பதுதான். மலிவான வட்டுகளைக் கூட்டமாக வைத்தால் அவற்றில் ஒன்று அடிக்கடி சாகும். அதனால் உபரிப் பிரதி வேண்டும், செத்ததை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். எடுத்து வைப்பது அந்த யோசனையின் சரிபாதி. சர்வர்களில் அதைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள்: போன டிரைவின் தட்டில் விளக்கு எரியும், தட்டை இழுத்துப் புதியதைத் தள்ளினால் போதும், இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டாம். என் மேசையில் இருக்கும் கார்டைச் செய்தவர்கள் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் அவ்வளவு யோசித்துவிட்டு, ஒரு டிரைவ் சாகும் நாளைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கார்டின் விளிம்பில் நான்கு சின்ன விளக்குகள் வைக்க என்ன செலவாகியிருக்கும்? ஹீட்சிங்க்கை நான்கு தனித் துண்டுகளாக வெட்டியிருந்தால், செத்ததை மட்டும் திறந்து மற்ற மூன்றைத் தொடாமலே விட்டிருக்கலாம். மூன்றரை ஆண்டுகளில் இந்தக் கார்டு எனக்குக் கொடுத்த அத்தனை நல்லதையும் நினைத்துப் பார்க்கிறேன், கோபம் மட்டும் அடங்கவில்லை.

தம்பிக்கு முழுப் பதில் இதோ. உங்களுடையது சாதாரண டெஸ்க்டாப். அதில் பதினாறு லேன் கொடுக்கும் ஸ்லாட் ஒன்றுதான், அதில் கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஸ்லாட்டுகளில் இந்தக் கார்டைச் செருகினால் பெரும்பாலும் ஒரு டிரைவ்தான் தெரியும். 4 டிபி எம்.2 டிரைவ் ஒன்றை மதர்போர்டிலேயே போடுங்கள். தினமும் இரவு அதிலிருப்பதை ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். நான் சொன்ன விரலுக்கும் படத்துக்கும் இடைவெளி இல்லாத சுகம் முழுவதும் உங்களுக்கும் கிடைக்கும். எனக்குக் கிடைத்த அந்த அரை நிமிடம் மட்டும் கிடைக்காது. உங்கள் டிரைவ் வாடிக்கையாளர் முன்னால் செத்தால் அன்றைய வேலை அன்றோடு நின்றுவிடும். அதற்காக இந்தக் கார்டை வாங்கச் சொல்வேனா என்றால், மாட்டேன்.

நான் இதை விடப்போவதும் இல்லை. கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு டிரைவுக்கும் நேராக ஒரு காகிதப் பட்டை ஒட்டி, வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பேனாவில் எழுதியிருக்கிறேன். உத்தரவாதத்தில் வந்த டிரைவைப் பிரிக்கவில்லை. பெட்டியோடும் பில்லோடும் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.