பினோவா, பார்டேவா: சாதனை ஒருபுறம், செல்வாக்கு மறுபுறம்

1985இல் பெர்னார் இனோ வென்றதற்குப் பிறகு, பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் பட்டம் எந்தப் பிரெஞ்சு வீரருக்கும் வாய்க்கவில்லை. அந்த நீண்ட காத்திருப்பின் சுமை அண்மைக் காலத்தில் அதிகம் விழுந்தது, 1990ஆம் ஆண்டிலேயே பிறந்த தீபோ பினோ, ரொமேன் பார்டே ஆகிய இருவர் தோளில்தான். பினோ 2023 அக்டோபரிலும் பார்டே 2025 ஜூனிலும் ஓய்வு பெற்றுவிட்டதால், இருவரையும் இப்போது நிதானமாக எடைபோட முடிகிறது.

டூர் பந்தயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பார்டேயின் கை சந்தேகமின்றி ஓங்கியிருக்கிறது. 2016இல் இரண்டாம் இடம், 2017இல் மூன்றாம் இடம், நான்கு கட்ட (ஒருநாள் பகுதி) வெற்றிகள், 2019இல் சிறந்த மலையேற்ற வீரருக்கான சிவப்புப் புள்ளியிட்ட ஜெர்சி என அவர் கணக்கு நீள்கிறது. பினோவுக்கு 2014இல் கிடைத்த மூன்றாம் இடமும் மூன்று கட்ட வெற்றிகளுமே மிச்சம். ஆனால் டூருக்கு வெளியே கணக்கு மாறுகிறது: பினோ 2018இல் இத்தாலிய வீரர் நிபாலியைப் பின்தள்ளி இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தை வென்றார், அத்தகைய பெரும் ஒருநாள் பந்தயம் எதுவும் பார்டேக்கு வசப்படவில்லை.

மக்கள் செல்வாக்கில் போட்டியே இல்லை; அது பினோவுடையது. அதற்குக் காரணம் அவருடைய தோல்விகள் நிகழ்ந்த விதம் என்றே நான் கருதுகிறேன். 2019 டூரில், அதிபர் மக்ரோன் நேரில் பார்த்திருக்க பிரனீஸ் மலையின் டூர்மலே உச்சியில் ஒரு கட்டத்தை வென்று, பட்டத்துக்கே தகுதியானவர் என்ற நம்பிக்கையை ஊட்டிய அவர், பந்தயம் முடியும் பாரிஸுக்கு இரண்டே நாள் இருக்கையில் தொடைக் காயத்தால் மிதிக்க முடியாமல் திணறினார். சக அணி வீரர் வில்லியம் பொன்னே தோளில் கைபோட்டுத் தேற்ற, அழுதுகொண்டே சைக்கிளை விட்டு இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ‘வெற்றி மட்டுமே அழகு’ என்று இத்தாலிய மொழியில் கையில் பச்சை குத்திக்கொண்டவருக்கு இப்படி ஒரு விதி! ஆடு வளர்க்கும் கிராமத்து மனிதர், தொழில்முறை வாழ்க்கை முழுவதையும் ஒரே அணியில் கழித்தவர் என்பவையும் அந்தப் பாசத்தை வளர்த்தன.

பார்டேயோ பந்தயங்களுக்கிடையே மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர், அளந்து பேசுபவர். 2017இல் மார்செயில் ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேரப் பந்தயத்தில் தடுமாறி, ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் மூன்றாம் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டவர். அவரை மதித்தவர்கள் ஏராளம். அவருக்காக அழுதவர்கள் குறைவு.

விடைபெற்ற விதத்திலும் இந்த வேறுபாடு தெரிந்தது. 2023இல் பினோவின் கடைசி டூரில், சொந்த வட்டாரமான வோஜ் மலையின் பெத்தி பலோன் ஏற்றத்தில் ரசிகர்கள் ஒரு வளைவையே அவர் பெயரால் நிரப்பி ஆர்ப்பரிக்க, அவர் தனியாக முன்னேறினார். ஆனால் அந்தக் கட்டத்தை வென்றவர் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சர். பார்டே தம் பதினோராவது, கடைசி டூரின் முதல் நாளில், 2024இல் இத்தாலியின் ரிமினியில், துரத்திவந்த கூட்டத்தை ஐந்தே நொடி வித்தியாசத்தில் முந்தி வென்று, பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான, பினோ ஒருநாளும் அணியாத மஞ்சள் ஜெர்சியை அணிந்துகொண்டார்.