கோணல் பாத்ரூம் சுவர்: பூசி மட்டம் பண்றதா, டைல் கம்முலயே சரிக்கட்டுறதா?

டைல் ஒட்டுறதுக்கு முன்னாடி கோணல் சுவரை சரி பண்ண மூணு வழி இருக்கு, திரும்ப சிமெண்ட் பூசலாம், டைல் கம்மை, அதாவது டைல் ஒட்டுற பசையை, தடிமனா போட்டு சமாளிக்கலாம், இல்ல சுவர் மேல சிமெண்ட் போர்டு, அதாவது சிமெண்ட் பலகை, அடிக்கலாம். நான் பூசினேன், யார் கேட்டாலும் அதையேதான் சொல்றேன்.

முதல்ல ரெண்டு மீட்டர் மட்டக்கோலை நெட்டுக்கும் குறுக்கேயும் வச்சுப் பாருங்க. இடைவெளி 3 மிமீக்குள்ளன்னா யோசிக்கவே வேணாம், கம்மே போதும். எங்க சுவர்ல ஒரு மூலையில விரலே உள்ள போச்சு.

அந்த மாதிரி இடத்துலயும் கம்முலயே முடிச்சுடலாம்னு ஆசை வரும், ஒரே நாள் வேலைதானே. ஆனா சாதாரண கம் 3லேர்ந்து 6 மிமீ தடிமனுக்குதான், தடிமனா போடுற ரகத்துக்கும் மூட்டையிலேயே ஒரு அளவு போட்டிருப்பாங்க. அதை மீறினா காயும்போது சுருங்கி டைலை உள்ள இழுக்கும், தடவிப் பாத்தா பக்கத்து டைலோட ஓரம் விரல்ல தட்டும். பெரிய டைல்னா பாரத்துல கீழ வழுக்கும். இன்னும் மோசம், நாலு மூலையிலயும் நடுவுலயும் உருண்டை உருண்டையா வச்சு அமுக்குறது, அதை மட்டும் ஒத்துக்காதீங்க. உருண்டைகளுக்கு நடுவுல பூரா காலி, தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்கும், ஜாயிண்ட்ல இறங்குற தண்ணி அங்கதான் தேங்கும், டவல் ராடுக்கு ட்ரில் போட்டா டைல் விரிசல் விடும்.

பூசினா அந்த பிரச்சனையே கிடையாது, பின்னாடி முழுக்க கெட்டி. பழைய பூச்சைத் தட்டிப் பாத்து உள்ள காலியா கேக்குற இடத்தைப் பேத்துடணும், பெயிண்டை சுரண்டி, பிடிப்புக்காக சுவரைக் கொத்து போட்டு, நனைச்சு, தூக்குக்குண்டு விட்டு மட்டம் காட்ட அங்கங்க சிமெண்ட் புள்ளி வச்சு பூசணும். ஒரு தடவைக்கு 15 மிமீக்கு மேல பூச வேணாம், இன்னும் வேணும்னா முதல் கோட்டை கீறி விட்டு, இறுகினப்புறம் ரெண்டாவது. மேல வழவழன்னு தேய்க்க விடாதீங்க, சொரசொரப்பா இருந்தாதான் கம் பிடிக்கும். ஒரு வாரம் தண்ணி விட்டு, நல்லா காயவிட்டு, அப்புறம் வாட்டர்ப்ரூஃப் கோட்டு. காத்திருக்கணும், குப்பை நிறைய வரும், அது உண்மைதான்.

போர்டுல ஈர வேலை கம்மி, ஆனா ரூம் கொஞ்சம் சின்னதாகும், ஜாயிண்ட்ல எல்லாம் மெஷ் டேப் (வலை மாதிரி இருக்குற டேப்) ஒட்டணும், ஸ்க்ரூ துரு பிடிக்காததா இருக்கணும். வேலை நடக்கறதை பாத்திருக்கேன், அவ்வளவுதான், பல வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு அனுபவத்துல சொல்ல முடியாது.

எதைப் பண்ணினாலும் சுவர் முன்னாடி வரும், அதனால கன்சீல்ட் டைவர்ட்டர் (சுவருக்குள்ள புதைக்குற ஷவர் வால்வு) எவ்வளவு ஆழத்துல உக்காரணும்னு அதோட அளவுத்தாளைப் பாத்துட்டு, பூச்சு, கம், டைல் மூணையும் கூட்டிப் பாத்து பிளம்பர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.