அதிர்வதெல்லாம் ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லை: டிரிஃப்டுக்கு வீல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஃபோர்ஸ் ஃபீட்பேக் (கேமில் கார் டயரில் படும் விசைக்கு ஏற்ப ஸ்டீயரிங்கை மோட்டார் தானே திருப்புவது) இருக்கிறது என்று சொல்லி, அது அறவே இல்லாத கேமிங் ஸ்டீயரிங் வீல் ஒன்றைக் கோவையில் ஒரு கேமிங் கடைக்காரர் என் தலையில் கட்டினார். 14,500 ரூபாய். பணம் இன்னும் திரும்பவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, கமென்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் விற்ற விதத்தை முழுக்கச் சொல்கிறேன். இந்தப் பேச்சு ஒரு கடைக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கேமில் டிரிஃப்ட் ஓட்டுவதற்காகவே, அதாவது காரை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டுவதற்காகவே, வீல் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அசெட்டோ கோர்ஸாவில் டிரிஃப்ட் ஓட்ட வேண்டும், ஃபோர்ஸ் ஃபீட்பேக் கட்டாயம் வேண்டும்." (அசெட்டோ கோர்ஸா, நிஜ கார் ஓட்டத்தைப் போலவே அமைந்த கம்ப்யூட்டர் கேம்.) கடைக்காரர் உடனே ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். 900 டிகிரி, மூன்று பெடல், ஆறு கியர் ஷிஃப்டர், எல்லாம் அதிலேயே. டெமோ கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஆர்கேட் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார். வீல் கையில் கடகடவென்று நடுங்கியது. "பாத்தீங்களா தம்பி, ஃபோர்ஸ் எப்படி வருதுன்னு! இதுக்கு மேல என்னங்க வேணும்?" பெட்டியின் மேலும் 'டூயல் மோட்டார் ஃபீட்பேக்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பில்லில் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல், 900 டிகிரி' என்று எழுதித் தரச் சொன்னேன். யோசிக்காமல் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இன்று என் பக்கம் இருக்கும் பெரிய பலம் அந்த ஒரு வரிதான்.

வீட்டுக்கு வந்து அசெட்டோ கோர்ஸாவில் 'டிரிஃப்ட்' டிராக்கைத் திறந்து, பிஎம்டபிள்யூ எம்3 இ30 டிரிஃப்ட் காரை எடுத்தேன். நண்பன் வீட்டு லாஜிடெக் ஜி29இல் நான் நன்றாகப் பழகிய கார் அது. இங்கே ஒரு வளைவுகூடச் சரியாக வரவில்லை. பின்பக்கத்தைச் சறுக்கவிட்ட மறுகணமே கார் சுழன்று நின்றுவிடும்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்று முழுக்க இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

நிஜ காரில் பின் டயர்கள் பிடியை விட்டு வண்டி பக்கவாட்டில் சறுக்கும்போது, முன் டயர்கள் வண்டி உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும் திசைக்குத் தாமாகவே திரும்பப் பார்க்கும். சஸ்பென்ஷனில் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சில் ஒரு சாய்வு, வைத்திருப்பதன் விளைவு அது. வண்டியின் மூக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டீயரிங் தானாக வலப்பக்கம் ஓடும். டிரிஃப்ட் ஓட்டுகிறவர் அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை இழுத்துத் திருப்பிக்கொண்டிருக்க மாட்டார். பிடியைத் தளர்த்தி, உள்ளங்கைக்குள் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்துவார். மிச்ச வேலையெல்லாம் ஆக்ஸிலேட்டரில். ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும்போதும் அப்படித்தான். வீல் நடுப்புள்ளியில் நிற்காமல் அதைத் தாண்டி மறுகோடிக்கு ஓட வேண்டும்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலுக்குள் இருக்கும் மோட்டார் இந்த வேலையைத்தான் செய்கிறது. முன் டயரில் எவ்வளவு விசை, எந்தத் திசையில் என்று கேம் கணக்குப் போட்டு அனுப்ப அனுப்ப, மோட்டார் ஸ்டீயரிங் தண்டையே திருகும். 2015இல் வந்த ஜி29இல் இரண்டு மோட்டார்கள் பல்சக்கரம் வழியாகத் திருப்புகின்றன. 2014இன் த்ரஸ்ட்மாஸ்டர் டி300இல் அதே வேலைக்குப் பெல்ட். மோசா ஆர்5 போன்ற டைரக்ட் டிரைவ் வீல்களில் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் உட்கார்ந்திருக்கும். திருகும் பலத்தில் வித்தியாசம் பெரிது: ஜி29 சுமார் 2 நியூட்டன் மீட்டர், ஆர்5 5.5. ஆனால் டிரிஃப்ட் கற்றுக்கொள்ள ஜி29 தாராளமாகப் போதும். டைரக்ட் டிரைவ் இல்லாமல் டிரிஃப்டே வராது என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள், அது இன்னொரு வகை விற்பனைப் பேச்சு.

எனக்கு விற்ற வீலில் தண்டைத் திருகும் மோட்டாரே கிடையாது. செல்போன் சைலண்ட் மோடில் நடுங்குமே, அதே சங்கதியின் பெரிய உருவம் இரண்டு உள்ளே இருக்கிறது. தண்டில் ஒரு பக்கம் மட்டும் எடை வைத்த சின்ன மோட்டார்கள். அவை நடுங்கும், வேறெதுவும் செய்யா. ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுப்பது ரப்பர் கயிறு. கார் சறுக்குகிறதா, நேராகப் போகிறதா, நின்றுகொண்டிருக்கிறதா என்று ரப்பருக்கு எப்படித் தெரியும்? எந்த நேரமும் நடுவை நோக்கியே இழுக்கும். டிரிஃப்டில் வீல் வலக்கோடிக்கு ஓட வேண்டிய நொடியில் இது நடுவுக்கு இழுத்தால் கார் சுழலாமல் என்ன செய்யும்? சாதாரண சர்க்யூட் ரேஸில் இந்த வீலை வைத்துச் சமாளித்துவிடலாம். டிரிஃப்டில் நம்மை எதிர்த்து வேலை செய்கிற கருவி இது.

சந்தேகம் தீர விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வீலின் பெயரே அங்கே இல்லை. 'எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்' என்று நின்றது. அதாவது இந்த வீல் கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு கேம்பேட் (இரண்டு கையிலும் பிடித்து விளையாடும் பட்டன் கருவி) என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எக்ஸ்இன்புட் என்ற அந்த முறையில் இரண்டு வைப்ரேஷன் மோட்டாருக்கு மட்டுமே கட்டளை அனுப்ப முடியும். 'ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் இவ்வளவு பலத்தோடு திருப்பு' என்று சொல்ல அதில் வழியே இல்லை. எந்த அப்டேட் போட்டாலும் வராது.

ஆனால் கடைக்காரர் முதலில் சொன்னதே அதுதான். "டிரைவர் அப்டேட் பண்ணுங்க தம்பி, சரியாயிரும்." ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். "இதுலயும் ரெண்டு மோட்டார் இருக்குதுங்க. மோட்டார் இருந்தா ஃபோர்ஸ்தானுங்க?" என்றார். விடாமல் நின்றதும், சர்வீசுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். வாரக்கணக்கில் போன் எடுக்கவில்லை. நேரில் போனால் 'சென்னையிலிருந்து வரணும்' என்ற ஒரே பதில். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டோடு வீல் திரும்பி வந்தது: பழுது எதுவும் இல்லை. அதில் பொய்யே கிடையாது! இல்லாத மோட்டார் எப்படிப் பழுதாகும்?

அடுத்து வந்தது இன்னும் மோசம். மேலே 11,000 கொடுத்தால் "ஒரிஜினல் கியர் வீல், சீல் பிரிக்காத பீஸ்" தருவதாகச் சொன்னார். கியர் வீல் என்றால் ஜி29 மாதிரி பல்சக்கரம் வழியாகத் திருப்பும் வீல். பெட்டியைப் பார்த்தேன். மேல் மடிப்பில் பழைய டேப்பை உரித்த இடத்தில் அட்டையின் தோல் கிளம்பியிருந்தது, அதன்மேல் புது டேப். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் எங்கேயும் காணோம். இறக்குமதிப் பெட்டிகளில் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். உள்ளே கிளட்ச் பெடலின் முகம் புதுசாக மின்னியது, பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் காலணி தேய்த்த கோடுகளோடு இருந்தன. யாரோ நன்றாக ஓட்டிய பீஸ்.

அங்கேயே மாட்டச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். நேராக ஓட்டினால் பிரமாதம். கடைக்காரர் முகத்திலும் வெற்றிச் சிரிப்பு. பிறகு இடம் வலமாக வேகமாகச் சறுக்கவிட்டு மாற்றி மாற்றி ஓட்டிவிட்டுக் காரை நேராக்கினேன். திரையில் கார் நேராகப் போகிறது, கையில் ஸ்டீயரிங் கால் சுற்று சாய்ந்து நிற்கிறது. இந்த வகை கியர் வீல்களில் மோட்டாரின் தண்டில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டு உண்டு. வீல் எவ்வளவு திரும்பியது என்று அதை வைத்துத்தான் எண்ணும். அந்தத் தட்டு விரிசல் விட்டால் தண்டோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கும், வேகமாகத் திருப்பத் திருப்ப எண்ணிக்கை தப்பும். நிதானமாக ஓட்டினால் காட்டிக்கொடுக்காத கோளாறு. வேண்டாம் என்று சொல்லி, என் பணத்தைக் கேட்டேன். பில்லின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊரில், நரேன் கார்த்திகேயனின் ஊரில், கார் ஓட்டம் தெரியாதவன் என்று நினைத்துப் பேசியதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

சரி, கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டரே தேவையில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எந்த ஒயரும் மாட்டாமல் வீலை முக்கால் சுற்று திருப்பி, கையை எடுங்கள். தானாக நடுவுக்குத் துள்ளி வந்தால் உள்ளே ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கிறது, அப்படியே எழுந்து வந்துவிடலாம். உண்மையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல், கரன்ட் இல்லாதபோது விட்ட இடத்திலேயே கிடக்கும். அடுத்து, பெட்டிக்குள் தனி பவர் அடாப்டரோ மின்கம்பியோ இருக்கிறதா பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருகும் அளவு சக்தி யுஎஸ்பி ஒயரில் மட்டும் வராது. வெறும் யுஎஸ்பியில் ஓடும் என்பதை ஒரு வசதி மாதிரி சொல்லி விற்கிறார்கள், உண்மையில் அதுவே குட்டு. ஜி29, டி300 போன்றவை கரன்ட் கொடுத்து இணைத்ததும் தாமாகவே இரண்டு பக்கமும் சுழன்று நடுவுக்கு வந்து நிற்கும். டைரக்ட் டிரைவ் வீல்கள் பெரும்பாலும் அப்படிச் சுழலாது, அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம். கன்சோலில் ஓட வைக்க அசல் கன்ட்ரோலர் ஒன்றை வீலின் பின்னால் சொருகச் சொன்னால், அதுவும் பெரும்பாலும் கேம்பேட் வேஷம் போட்ட வீல்தான்.

டெமோ கேட்டால் சுவரில் மோதிக் காட்டுவதை ஏற்காதீர்கள். பின்சக்கர டிரைவ் கார் ஒன்றை எடுத்துச் சறுக்கவிட்டு, ஸ்டீயரிங் தானாக எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். கேமில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் அளவைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். கனம் மாறாமல் அதேபோல் இழுத்தால், இழுப்பது கேம் இல்லை. பழைய கியர் வீல் என்றால் நான் செய்தது மாதிரி இடம் வலமாக அடித்துவிட்டு நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பெடலை மெதுவாக அமுக்கும்போது திரையில் அளவு துள்ளித் துள்ளி ஏறினால் உள்ளே பெடல் அமுங்கும் அளவை உணரும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு அல்லது தேய்மானம். அது சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிற விஷயம், விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கலாம். பெட்டி திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பில்லில் 'ஸ்டீயரிங் வீல்' என்று மொட்டையாக எழுத விடாமல் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' என்ற சொற்களை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நான் முதலில் புகார் பதிந்தேன். அதன்பிறகுதான் கடையிலிருந்து தானாக போன் வந்தது. பணம் தர முடியாது, அதே தொகைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத அம்சத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அதே கணக்கில் சேரும். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வாங்கிய கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் இணைத்தவை பில், ஸ்கிரீன்ஷாட், அந்த 'பழுது இல்லை' சீட்டு, அப்புறம் ஒயர் எதுவும் மாட்டாத வீல் தானாக நடுவுக்குத் துள்ளும் ஒரு சின்ன வீடியோ.

வீலைப் பெட்டியோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். பாதி விலைக்குத் தருவீர்களா என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார்கள். தர மாட்டேன், வழக்கு முடிகிற வரை அது ஆதாரம். உங்களுக்கும் இதே மாதிரி ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று எழுதிய பில்லோடு வைப்ரேஷன் வீல் கிடைத்திருந்தால், பில்லின் தேதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் தயார் செய்த புகார் மனுவின் மாதிரியை அனுப்புகிறேன்.